கிந்தா வெளியில் தாடைப்புற்று

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் புன்முறுவல் பூப்பது மலேசிய மக்களிடையே நெடுநாளைய வழக்கம். ஈப்போவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கிந்தா மாவட்டத்தில் உள்ள இச்சிற்றூரில் 1911ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. பின்னாளில் பகாகியா மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிலையம், காலப்போக்கில் ஊரின் பெயரையே தனதாக்கிக் கொண்டது. ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்னும் கேலி மொழி நாடெங்கும் பரவியது. அக்கேலியில் மறைந்துபோனது அவ்வூரைச் சூழ்ந்திருந்த மற்றொரு வாழ்க்கை. சிம்மோர், சுங்கை சிப்புட் வரையிலும் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டி வாழ்ந்த தமிழர்களின் வாழ்க்கையே அது. மனநோய்க்கு மாபெரும் மருத்துவமனை எழுந்த அப்பகுதியில், தோட்டத் தமிழரைத் தேடித் தேடிப் பற்றிய வேறொரு நோய் இருந்தது. வாயில் தோன்றித் தாடை எலும்பை அரிக்கும் புற்றுநோயே அது.

நோயின் பெயரையே முதலில் நோக்குதல் தகும். மேனாட்டார் இந்நோயை நண்டு என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். கட்டியிலிருந்து நாற்புறமும் பரவும் நரம்புகளைக் கண்ட கிரேக்கருக்கு நண்டின் கால்கள் நினைவுக்கு வந்தன. தமிழரோ ‘புற்று’ என்றனர். வெளியே மேடாக எழுந்து, உள்ளே கிளை கிளையாக அரித்துச் செல்லும் கறையான் புற்றின் இயல்பு இந்நோய்க்கு எத்துணைப் பொருத்தம் என்பதைத் தாடைப்புற்றைக் கண்டவர் அறிவர். சித்த மருத்துவ வழக்கில் ‘கன்னப்புற்று’ எனத் தனிப்பெயரே உண்டு. தனிப்பெயர் வேண்டும் அளவுக்கு இந்நோய் தமிழ் மண்ணில் பழகிப்போயிருந்தது என்று கொள்வதில் தவறில்லை. ஆங்கிலேய மருத்துவர்களுக்கு அது புதுமையாக இருந்தது. அவர்கள் படித்த நூல்களில் வாய்ப்புற்று என்றால் சுங்கான் புகைப்போரின் உதட்டிலும் நாவிலும் வருவது. கன்னத்தின் உட்புறத்தில் தோன்றி ஈறு வழியே தாடைக்குள் இறங்குவது அரிய செய்தி.

அந்த அரிய செய்தி அன்றாடக் காட்சியாக விளங்கிய இடம் நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி அங்கே 1838ஆம் ஆண்டில் தொடங்கியது. 1908ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் நெய்யூர் மருத்துவர் இருவரின் கட்டுரைகள் வெளிவந்தன. டாக்டர் ஃபெல்ஸ், தென்னிந்தியாவின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதி, 209 அறுவைகளை ஆராய்ந்து காட்டினார். டாக்டர் பென்டால் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளர்களைத் தொகுத்து எழுதினார். எக்ஸ்ரே கருவி பரவாத காலத்தில், ஒரு சிற்றூர் மருத்துவமனை இத்தனை பேரைக் கண்டிருக்கிறது என்பதே வியப்புக்குரியது. பின்னர், 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட டாக்டர் சாமர்வெல், தம் நாட்டில் காத்திருந்த உயர்பதவியை விட்டு நெய்யூரில் தங்கினார். அவருடன் பணியாற்றிய டாக்டர் ஆர், 1933ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த உருண்டையை ஒருவர் வாயின் எப்பக்கத்தில் அடக்கி வைக்கிறாரோ அப்பக்கத்திலேயே புற்று எழுவதை நெய்யூர் மருத்துவர்கள் கண்டனர். வலக்கன்னத்தில் அடக்குபவருக்கு வலப்புறம். உறங்கும்போதும் இடக்கன்னத்தில் வைத்திருப்பவருக்கு இடப்புறம். நோயின் காரணத்தை நோயாளியின் பழக்கமே சுட்டிக்காட்டிற்று.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டது பெரும்பாலும் நெய்யூர்ப் பகுதியிலிருந்து அன்று. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டத்தாரே கங்காணிகள் வழி மிகுதியாக வந்தனர். ஆனால் வெற்றிலைப் பழக்கத்துக்கு மாவட்ட எல்லை ஏது? நிச்சயதார்த்தம் என்றால் தட்டு மாற்றுதல். விருந்து என்றால் தாம்பூலம். விருந்தினரை வழியனுப்பவும் வெற்றிலை. தெய்வத்தின் முன்னும் வெற்றிலை. கப்பலேறிய தமிழன் பலவற்றை நாகப்பட்டினத்துக் கரையில் விட்டு வந்தான். வெற்றிலையை விட்டு வரவில்லை. விட்டு வரவும் தேவையில்லை. மலாய்க்காரரும் வெற்றிலை போற்றும் மக்களே. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும் வரை மரம் மரமாக ஓடும் பால்வெட்டுத் தொழிலில் பசியை மறக்கவும் உறக்கத்தை விரட்டவும் அது உதவிற்று. ஆண்களுக்குச் சுருட்டும் கள்ளும் சாம்சுவும் இருந்தன. பெண்களுக்கு இடுப்பில் செருகிய சுருக்குப்பையே துணை. பல நாடுகளில் ஆண்களின் நோயாகவே கருதப்படும் வாய்ப்புற்று, மலேசியத் தமிழ்ப் பெண்களிடையே மிகுந்து காணப்படுவதற்குக் காரணம் இதுவே. இதனைப் பண்பாட்டுக் குறையாகப் பேசித் தோட்டத்துப் பாட்டியை இழித்துரைப்பாரும் உண்டு. அவள் கையில் புகையிலையைத் தந்தது பண்பாடு மட்டுமன்று, அவள் பார்த்த வேலையும் ஆகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

மலாயாவில் இந்நோயை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1960ஆம் ஆண்டில் டாக்டர் மார்ஸ்டன் மலாயாவின் வெற்றிலைப் புற்றைப் பற்றி ‘மலாயா மருத்துவ இதழ்’ வழி எடுத்துரைத்தார். அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில் அக்கழகத்தில் வாய்நோய்களுக்கெனத் தனிப்பிரிவு உருவானது. அதில் நெடுங்காலம் உழைத்தவர் டாக்டர் கே. இராமநாதன். நாட்டின் மருத்துவமனைகளிலிருந்தும் அரசுப் பல் மருத்துவ நிலையங்களிலிருந்தும் வந்த சதைத்துண்டுகளை ஆராய்ந்து, தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று இனத்துக்கு இனம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை 1976ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்டனர். இந்தியரிடம் கன்னத்திலும் ஈற்றிலும் மிகுதி, சீனரிடம் அவ்வாறில்லை. ஒரே மண், ஒரே தண்ணீர். வேறுபட்டது வாயில் இட்ட பொருளே. பாக்கு மெல்லுவோரின் வாய் நார் கட்டி இறுகி, விரல் நுழையவும் இடமின்றிக் குறுகிப்போகும் நோயையும் இராமநாதன் ஆராய்ந்து 1981இல் எழுதினார்.

தாடையில் வரும் கட்டி யாவும் வெற்றிலையால் வருவதன்று. இங்கேதான் நோயறிதலின் அருமை இருக்கிறது. பல் முளைக்கத் துணைபுரிந்த உயிரணுக்களின் எச்சம் எலும்புக்குள்ளே தங்கி, பின்னாளில் வளர்ந்து அமெலோபிளாஸ்டோமா என்னும் கட்டியாவதுண்டு. வெற்றிலையைத் தொட்டறியாத இளைஞருக்கும் அது வரும். வலி இராது, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து முகத்தைக் கோணச் செய்யும். அது பெரும்பாலும் உடலெங்கும் பரவும் கொடும்புற்றன்று; எனினும் எலும்பைச் சிறுகச் சிறுகத் தின்னும். இராமநாதனும் உடனுழைத்தோரும் 1982ஆம் ஆண்டில் மலேசியரிடையே கண்ட 97 அமெலோபிளாஸ்டோமா நோயாளர்களைப் பற்றி எழுதியுள்ளனர். அதனினும் அரியது ஆஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்று. அது தாடையில் வந்தால் முதற்குறி பெரும்பாலும் வீக்கம். சிலருக்குப் பல் ஆட்டம்.

மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் மயக்கும். ‘பல்வலி’ என்று வருபவரின் பல்லைப் பிடுங்கியனுப்புவது எளிது. சொத்தையில்லாத பல் காரணமின்றி ஆடுகிறதா, பிடுங்கிய குழி வாரங்கள் கடந்தும் ஆறவில்லையா, கீழுதடும் மோவாயும் மரத்துப்போயினவா, வாய் முன்போல் திறக்கவில்லையா என்று வினவுவதே தேர்ந்த மருத்துவரின் அடையாளம். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடும் நரம்பு உதட்டுக்கு உணர்ச்சி தருவது. அது மரத்ததென்றால் எலும்புக்குள் ஏதோ நுழைந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரே படத்தில் அமெலோபிளாஸ்டோமா சோப்பு நுரைக் குமிழிகள்போல் அறையறையாகத் தோன்றும். ஈற்றிலிருந்து இறங்கிய புற்று, செல்லரித்த ஏடுபோல் ஒழுங்கற்ற விளிம்பு காட்டும். எலும்புப் புற்றோ சில வேளைகளில் கதிரவனின் கதிர்கள்போல் எலும்பு முட்களை விரிக்கும். ஆயினும் படம் ஐயத்தைத் தான் எழுப்பும். தீர்ப்பு, சதைத்துண்டை எடுத்து நுண்ணோக்கியில் நோக்கிய பின்னரே.

அந்தச் சோதனையும் ஏமாற்றுவதுண்டு. 1948ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆக்கர்மன், மருவைப் போல் புடைத்து வெண்ணிறமாக விரியும் ஒருவகை வாய்ப்புற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். இதனை மருவுருப் புற்று எனலாம். புகையிலை மெல்லுவோரிடம் தோன்றும் இது மெல்ல வளரும். கழுத்துக் கணுக்களுக்கு அரிதாகவே பரவும். ஆனால் கவனியாது விட்டால் தாடை எலும்பைத் துளைத்துவிடும். மேலாக ஒரு துண்டைக் கிள்ளி அனுப்பினால் ‘தீங்கற்ற மரு’ என்றே முடிவு வரும். அடிப்பகுதி வரை ஆழ்ந்த துண்டு எடுத்தால்தான் உண்மை வெளிப்படும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1893ஆம் ஆண்டு சூலை முதல் நாள், அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாந்தின் மேல்தாடையில் ஒரு பகுதி, கடலில் சென்ற உல்லாசப் படகு ஒன்றில் மறைவாக அறுத்தெடுக்கப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் நெருக்கடியில் இருந்தமையால் செய்தி மூடப்பட்டது. வாயினுள் விழுந்த பள்ளத்தை வல்கனைஸ் செய்த ரப்பர்த் தகட்டால் அடைத்தனர். அதிபரின் பேச்சு தெளிவாயிற்று. அவர் மேலும் 15 ஆண்டுகள் வாழ்ந்து 1908இல் மறைந்தார். பாதுகாத்து வைக்கப்பட்ட அச்சதையை, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தவர்கள் அது மருவுருப் புற்று என்று கண்டனர். அன்று மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழில் இன்னும் கால்கொள்ளவில்லை. அதிபரின் வாயை அடைத்த அதே பொருளை, அடுத்த தலைமுறையில் உலகுக்கு ஏராளமாக வடித்துத் தந்தவர்களின் வாயில் அதே நோய் தோன்றியபோது, படகும் இல்லை, அறுவை வல்லுநர் குழுவும் இல்லை.

தாடையை அறுத்தெடுக்கும் சிகிச்சை மயக்க மருந்துக்கும் மூத்தது. 1827ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜென்சூல் என்பார், 17 வயது இளைஞன் ஒருவனின் மேல்தாடையை நினைவிருக்கும்போதே அகற்றினார். 1846ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் பலரறிய நடந்த புகழ்பெற்ற அறுவையும் தாடைக்கு அடியில் இருந்த கட்டியை நீக்கவே. பின் ரேடியமும் கோபால்ட் கதிரும் வந்தன. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், கதிர்ச் சிகிச்சையோடு பிளியோமைசின் என்னும் மருந்தையும் இணைத்து வாய்ப்புற்றுக்குத் தந்து, கைவிடப்பட்ட நிலையில் இருந்தோர் பலரின் கட்டிகளைக் கரையச் செய்தனர். வறியவரைக் கருதி எழுந்த ஒரு மருத்துவமனையே வறியவரின் புற்றுக்கு வழிகாட்டியது என்பது போற்றத்தக்கது.

எனினும் எலும்புக்குள் புற்று இறங்கிவிட்டால் கத்தியே முதல் வழி. நோய் எலும்பின் மேல்விளிம்பை மட்டும் தொட்டிருந்தால் அவ்விளிம்பைச் சீவி, தாடையின் வளைவைக் காக்கலாம். மச்சைக்குள் நுழைந்துவிட்டால் ஒரு துண்டு முழுதும் போகவேண்டும். அமெலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி எடுத்தால் பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரும். ஆகையால் கண்ணுக்கு நலமாகத் தோன்றும் எலும்பிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சேர்த்தே வெட்டுவர். 2014ஆம் ஆண்டில் அக்கட்டிகளுள் பலவற்றில் ‘பிராஃப்’ என்னும் மரபணுவின் மாற்றம் கண்டறியப்பட்டது. அதனைத் தடுக்கும் மாத்திரைகளால் சிலரின் கட்டி சுருங்கியதும் உண்டு. தாடையை இழந்தவருக்கு முன்னாளில் முகம் ஒடுங்கியே போகும்; எச்சில் நிற்காது; சோறு மெல்ல இயலாது. மார்புத் தசையை மேலேற்றி ஒட்டும் முறை 1979இல் வந்தது. காலின் வெளிப்புறச் சிறு எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்துப் பொருத்தும் முறையை 1989இல் ஹிடால்கோ வெளியிட்டார். இன்று அது வழக்கமான சிகிச்சை.

இவையனைத்தும் உலகில் இருந்தன. தஞ்சோங் ரம்புத்தான் தோட்டத்துப் பெண்ணுக்கு அவை எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதே கேள்வி. தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து தந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் வந்தது. ஈப்போவிலும் பத்து காஜாவிலும் பொது மருத்துவமனைகள் இருந்தன. கதிர்ச் சிகிச்சை வேண்டுமாயின் 200 கிலோமீட்டர் கடந்து கோலாலம்பூர் செல்ல வேண்டும். 1976க்குப் பின் பினாங்கின் மவுண்ட் மிரியம் மருத்துவமனையும் ஒரு வழியாயிற்று. வாரம் ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் தொடரும் சிகிச்சை அது. நாட்கூலி பெறும் பால்வெட்டாளி ஒன்றரைத் திங்கள் வேலையை விட்டு, பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டு, மொழி விளங்காத நகரில் தங்குவது எங்ஙனம்? கத்தி பட்டால் புற்று பரவும் என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. வேரும் வேப்பிலைப் பற்றுமாகத் திங்கள்கள் கழிந்தன. இறுதியில் மருத்துவமனை வாயிலை அடைந்தபோது கன்னம் துளைபட்டிருக்கும். தொடக்க நிலையில் வந்தவருள் பத்தில் எட்டுப் பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கக்கூடிய நோயில், முற்றிய பின் வந்தவருள் பாதிப்பேரும் கடப்பதில்லை.

வாயோ, உடலின் உட்பகுதிகளுள் கருவியின்றியே காணத்தக்கது. வெண்படலம், செம்படலம், ஆறாத புண் ஆகியவை புற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னரே அங்குத் தோன்றும். பார்ப்பார் இல்லை என்பதே குறை. பினாங்கில் 1949ஆம் ஆண்டு பல்தாதியர் பயிற்சி தொடங்கியது. அவர்கள் தொண்டால் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் வாய் திறந்து பார்க்கப்பட்டது. அப்பிள்ளைகளின் பாட்டியர் வாயைப் பார்க்க ஏற்பாடு எதுவும் நெடுங்காலம் இல்லை. 1993-94ஆம் ஆண்டுகளில்தான் நாடளாவிய ஆய்வு ஒன்று நடைபெற்றது. 25 வயதும் அதற்கு மேலும் உடைய 11,697 பேரின் வாய்கள் சோதிக்கப்பட்டன. ஐவருக்குப் புற்றும், 165 பேருக்குப் புற்றுக்கு முந்திய மாற்றங்களும் இருந்தன. அம்மாற்றங்கள் சீனரிடம் நூற்றுக்கு 0.5, இந்தியரிடம் 4.0. இராமநாதன் சதைத்துண்டுகளில் கண்ட வேறுபாட்டை, நலமாக நடமாடிய மக்களிடமே இவ்வாய்வு எண்ணிக்காட்டியது.

அதன் விளைவாக 1997ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சின் பல்நலப் பிரிவு, இடர் மிகுந்த சமூகங்களைத் தேடிச் சென்று வாய் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதற்கிடையே புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை விளைவிக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வகம் 1985இல் அறிவித்திருந்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தன்மையதே என்று 2004இல் வெளியிட்டது. ‘நான் போயிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்னும் பழைய சமாதானம் அத்துடன் பொய்யாயிற்று.

வாயைப் பார்ப்பதால் மட்டும் உயிர் பிழைக்குமா என்னும் ஐயத்துக்கு விடை வந்ததும் பழைய திருவிதாங்கூர் மண்ணிலிருந்தே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 ஊராட்சிகளில் நடந்த ஆய்வில், மருத்துவரல்லாத பட்டதாரிகள் பயிற்சி பெற்று வீடுதோறும் சென்று வாய்களைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் இறந்தோர் தொகை, சோதனை நடவாத ஊர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005இல் ‘லான்செட்’ அதனை வெளியிட்டது. டாக்டர் ஆர் எழுதிய அதே இதழ். இடையே 72 ஆண்டுகள். ஒரு தோட்டத்து டிரஸ்ஸரோ ஆசிரியரோ கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது: உதட்டைப் புரட்டி, இரு கன்னங்களையும் ஒதுக்கி, ஈறு, நா, நாவடி, அண்ணம் எனச் சில நிமிடங்கள்.

மலேசியாவில் அத்திட்டம் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்ட காலத்திலேயே தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்தன. 1980, 1990களில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனையும் வீட்டுமனைகளும் எழுந்தன. கிந்தாவின் தோட்டக் குடும்பங்கள் பல ஈப்போவின் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. இளையோரிடம் வெற்றிலை குறைந்தது. சுருக்குப்பையோடு பெயர்ந்த முதியவள் அதனை விடவில்லை. விடியற்காலைப் பெரட்டில் அனைவரும் ஓரிடத்தில் நின்ற காலத்தில் ஒருவர் கைவிளக்குடன் வந்திருந்தால் போதும். ஒரு காலையில் ஒரு தோட்டமே சோதிக்கப்பட்டிருக்கும். இன்று அவளைத் தேடி ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டியிருக்கிறது.